கவர் பாடல் என்றால் என்ன? டுரான் டுரானின் ஓர் ஆல்பத்தை முன்வைத்து ஒரு தொடக்க விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடக்கும் தமிழ்க் கல்யாண வரவேற்புகளில் ஆர்கெஸ்ட்ரா பாடும் பாடல்கள் ஏறத்தாழ அனைத்துமே வேறொருவர் இயற்றி, இன்னொருவர் குரலில் பதிவாகி, ஊரெல்லாம் அறிந்தவை. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. குழு தன் சொந்தப் பாடல் ஒன்றைத் தொடங்கினால்தான் விருந்தினர் பந்திப் பக்கம் திரும்புகிறார்கள். ஆனால் அதே குழு அந்தப் பாடல்களில் நான்கைந்தைத் தன் சொந்தப் பாடல்களோடு சேர்த்து ஆல்பமாக வெளியிட்டதும் பேச்சு மாறிவிடுகிறது. "காப்பி அடித்துவிட்டார்கள்" என்பார் ஒருவர்; "முதலில் பாடியவரிடம் அனுமதி வாங்கினார்களா?" என்று கேட்பார் மற்றொருவர், "மூலக் கலைஞரின் பெயரைப் போட்டுவிட்டால் ஒரு சிக்கலும் வராது" என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். மூன்று பேச்சும் பிழையானவை. மூன்றும் பிழையாவதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த ஒன்றை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

பதின்மூன்று பாடல்களும் அவற்றின் பூர்வீகமும்

பொதுவாகப் பேசுவதை விட ஓர் ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எளிது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டுரான் டுரான் என்ற பாப் இசைக்குழு, நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 27 அன்று 'டான்ஸ் மக்காபர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஹாலோவீன் இரவில் லாஸ் வேகஸில் நடத்திய கச்சேரியே அதற்கு வித்து. ஆல்பத்தில் 13 பாடல்கள் உள்ளன. இருளும் பேயும் கலந்த மனநிலைதான் அவற்றை இணைக்கும் சரடு.

அவற்றில் தலைப்புப் பாடல், 'பிளாக் மூன்லைட்', 'கன்ஃபெஷன் இன் தி ஆஃப்டர்லைஃப்' ஆகிய மூன்றும் குழுவினரே புதிதாக எழுதியவை. ஆறு பாடல்கள் பிறருடையவை: ரோலிங் ஸ்டோன்ஸ் 1966இல் வெளியிட்ட 'பெயிண்ட் இட் பிளாக்', டாக்கிங் ஹெட்ஸின் 'சைக்கோ கில்லர்' (1977), செரோனின் 'சூப்பர்நேச்சர்' (1977), தி ஸ்பெஷல்ஸின் 'கோஸ்ட் டவுன்' (1981), சூசி அண்ட் தி பான்ஷீஸின் 'ஸ்பெல்பவுண்ட்' (1981), பில்லி ஐலிஷின் 'பரி எ ஃப்ரெண்ட்' (2019). இன்னும் மூன்று, இதே குழு பல ஆண்டுகளுக்கு முன் தானே வெளியிட்ட பாடல்களின் புதிய வடிவங்கள். எஞ்சிய ஒன்று விசித்திரமானது: தங்கள் 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை ரிக் ஜேம்ஸின் 'சூப்பர் ஃப்ரீக்' என்ற 1981ஆம் ஆண்டுப் பாடலோடு பிணைத்து ஒரே பாடலாக்கியிருக்கிறார்கள்.

புதியது, பிறருடையது, தன் பழையது, பிணைத்தது என்று ஒரே ஆல்பத்துக்குள் நான்கு வகைகள் இருப்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு வகைக்கும் அனுமதி கேட்கும் இடம் வேறு, பணம் போகும் வழியும் வேறு.

மூத்த குழுக்கள் பிறர் பாடல்களை எடுப்பது கற்பனை வறண்டதன் அறிகுறி என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பீட்டில்ஸ் 1963இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் 14 பாடல்களில் ஆறு பிறருடையவை. ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் ஆல்பத்திலும் பெரும்பகுதி பிறருடையதே; அதே குழு 2023இல் வெளியிட்ட ஆல்பமும், தமக்குப் பெயர் தந்த மடி வாட்டர்ஸ் பாடலொன்றைப் பாடித்தான் முடிகிறது. ஆக, இளைஞர்களும் முதியவர்களும் செய்யும் காரியம் இது. நன்றாகச் செய்கிறார்களா என்பது வேறு கேள்வி. டுரான் டுரான் 1995இல் முழுக்க முழுக்கப் பிறர் பாடல்களைக் கொண்டு வெளியிட்ட ஆல்பம் விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. சொந்தப் பாடல்களுக்கு நடுவே பிறர் பாடல்களை வைத்த 2023ஆம் ஆண்டு ஆல்பம் அதைவிட நன்றாக நிற்கிறது என்பது என் எண்ணம். எதைப் பிடித்துப்போய்ப் பாடுகிறார்கள் என்பது பக்கத்திலுள்ள சொந்தப் பாடல்களால் விளங்குகிறது.

காகித மாதிரியும் தைத்த சட்டையும்

டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகளில் நம் குடும்பப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்திருக்கிறார்கள். அங்கே துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காகிதத்தில் ஒரு மாதிரி வரையப்படும். கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு, மடிப்பு எங்கே என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். அதை வைத்து ஒருவர் பருத்தியில் ஒரு சட்டை தைக்கலாம். இன்னொருவர் பட்டில் தைக்கலாம். காகிதம் ஒன்று, சட்டைகள் பல. காகிதத்தை வரைந்தவரும் சட்டையைத் தைத்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பாடலும் இப்படித்தான் இரண்டு அடுக்குகளால் ஆனது. மெட்டும் வரிகளும் சேர்ந்தது காகித மாதிரி. அதைக் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட குரலில், குறிப்பிட்ட கருவிகளோடு பதிவுசெய்தது தைத்த சட்டை. முதல் அடுக்கை 'இசைப்படைப்பு' என்றும் இரண்டாவதை 'ஒலிப்பதிவு' என்றும் இனி குறிப்பிடுவேன். இரண்டும் சட்டத்தின் பார்வையில் தனித்தனிச் சொத்துகள். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இவற்றைத் தனித்தனி வகைகளாகவே எண்ணுகிறது.

இசைப்படைப்பு அதை இயற்றியவருக்கு உரியது; நடைமுறையில் அதை நிர்வகிப்பது பெரும்பாலும் ஒரு 'பப்ளிஷர்', அதாவது இயற்றியவரின் சார்பில் உரிமம் வழங்கிப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம். ஒலிப்பதிவு பெரும்பாலும் அதற்குச் செலவு செய்த ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு உரியது. அந்த மூலப் பதிவை இசைத்துறையில் 'மாஸ்டர்' என்பார்கள்.

இப்போது கவர் என்பதற்கு இலக்கணம் சொல்லிவிடலாம். ஏற்கெனவே வெளிவந்த ஓர் இசைப்படைப்பை எடுத்து, புதிய ஒலிப்பதிவு ஒன்றை உருவாக்கினால் அது கவர். காகிதம் பழையது, துணியும் தையலும் புதியவை. டுரான் டுரானின் 'சைக்கோ கில்லர்' பதிவில் டாக்கிங் ஹெட்ஸின் 1977ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து ஒரு நொடி ஒலிகூட எடுக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. எடுத்தது மெட்டையும் வரிகளையும் மட்டுமே.

அனுமதி கேட்க வேண்டியது யாரிடம்?

முதல் இரண்டு பேச்சுகளின் பிழை இப்போது தெளிவாகும். கவர் செய்பவர் பழைய ஒலிப்பதிவைத் தொடுவதில்லை. ஆகவே அந்தப் பதிவின் உரிமையாளரிடமோ, அதில் பாடியவரிடமோ அவர் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. அவர் கேட்க வேண்டியது இசைப்படைப்பின் உரிமையாளரிடம். முதலில் பாடியவரே அதை இயற்றியவராகவும் இருந்தால் இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

இசைப்படைப்பைப் பதிவுசெய்து பிரதிகளாக வெளியிடுவதற்கான அனுமதிக்கு 'மெக்கானிக்கல் உரிமம்' என்று பெயர். இந்தப் பெயரும் நடைமுறையும் தானாக வாசிக்கும் பியானோக்களின் காலத்தில் பிறந்தவை. துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தினால் அந்தப் பியானோ தானே பாட்டு வாசிக்கும். அத்தகைய சுருள் இசைக்குறிப்பின் பிரதி ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. இயற்றியவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. மறு ஆண்டே நாடாளுமன்றம் அவர்களுக்கு அந்த உரிமையை வழங்கியது. ஆனால் ஒரு பெரிய பியானோ நிறுவனம் முன்கூட்டியே பப்ளிஷர்கள் பலரோடு ஒப்பந்தம் செய்து, இசை முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. அதனால் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: இயற்றியவர் ஒரு முறை தன் படைப்பைப் பதிவுசெய்ய அனுமதித்துவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் குறித்த கட்டணத்தைச் செலுத்தி அதைப் பதிவுசெய்யலாம், அவர் மறுக்க முடியாது. அப்போதைய கட்டணம் ஒரு பிரதிக்கு 2 சென்ட். இது 'கட்டாய உரிமம்' எனப்படும்.

அந்த 2 சென்ட் கட்டணம் 1978 வரை ஏறவே இல்லை என்பதை நினைத்தால், இயற்றுபவர்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்று வியக்கத் தோன்றுகிறது. 'டான்ஸ் மக்காபர்' வெளிவந்த 2023இல் அது, இசைத்தட்டுக்கும் பதிவிறக்கத்துக்கும், 12 சென்ட். அமெரிக்காவில் அந்த ஆல்பத்தின் இசைத்தட்டு ஒன்று விற்றால், அதிலுள்ள ஒவ்வொரு கவர் பாடலுக்கும் அதை இயற்றியவர் பக்கம் அந்த அளவில் ஒரு தொகை போக வேண்டும்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் இதே வழியில் அமைந்தது: உரிமையாளரின் ஒப்புதலோடு ஏற்கெனவே விற்பனைக்காகப் பதிவான இசைப்படைப்பை, முன்னறிவிப்புத் தந்து, உரிமைத்தொகை செலுத்தி மீண்டும் பதிவுசெய்யலாம். அன்றாட நடைமுறையில் இந்த உரிமத்தைக் கபாசோ என்ற அமைப்பு வழங்குகிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் இறுக்கமானது: முதல் பதிவு வெளிவந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே கவர் செய்ய முடியும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையைச் செலுத்த வேண்டும், இது கவர் என்பதை உறையில் குறிப்பிடவும் வேண்டும்.

திரைப்பாடல்களில் ஒரு முடிச்சு உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் அளித்த தீர்ப்பின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத்துக்காக இயற்றப்பட்ட பாடலின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் அல்லர். பின்னர் வந்த 2012 திருத்தம், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாடல் ஈட்டும் தொகையில் அவ்விருவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதிசெய்தது. ஆகவே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் ஒரு குழு சென்னைப் படப்பாடலைப் பதிவுசெய்ய நினைத்தால், உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு "அந்தப் பின்னணிப் பாடகர்" என்ற விடை மட்டும் ஒருபோதும் பொருந்தாது.

இதுவரை பார்த்தவை: பாடல் என்பது இசைப்படைப்பு, ஒலிப்பதிவு என்ற இரு சொத்துகள். கவர் முதல் சொத்தை மட்டுமே பயன்படுத்துகிறது. அதற்கான அனுமதி மெக்கானிக்கல் உரிமம். பல நாடுகளில் அது, கட்டணம் செலுத்தினால் மறுக்க முடியாத உரிமம். பெயர் குறிப்பிடுவது கடமை. அது கட்டணத்துக்கு மாற்று ஆகாது. முப்பது நொடிக்குள் இருந்தால் இலவசம் என்ற நம்பிக்கைக்கும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

பணம் எந்த வழியில் போகிறது?

ஒரு கவர் பாடல் பெரும் வெற்றி பெற்றால் பாடிய குழுவுக்குப் பணம் கொட்டும் என்று நாம் எண்ணுகிறோம். இங்கிலாந்தின் சாஃப்ட் செல் இருவரின் கதை வேறு. அவர்கள் 1981இல் வெளியிட்ட 'டெயின்டட் லவ்' உலகெங்கும் ஒலித்தது. ஆனால் அது எட் காப் இயற்றி, குளோரியா ஜோன்ஸ் 1960களில் பாடிய பாடல். அந்தச் சிறிய இசைத்தட்டின் மறுபக்கத்தில் தங்கள் சொந்தப் பாடல் ஒன்றை வைத்திருந்தால், விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் இயற்றியவர் என்ற முறையில் அவர்களுக்கும் பங்கு வந்திருக்கும். அங்கேயும் அவர்கள் வைத்தது ஒரு கவர் பாடலையே. எனவே ஒலிப்பதிவு வழியில் வந்தது மட்டுமே அவர்களுக்கு. இயற்றியவருக்கான பங்கு முழுவதும் வேறு கைகளுக்குப் போயிற்று. மூத்த குழுக்கள் கவர் ஆல்பத்தில் இரண்டு மூன்று சொந்தப் பாடல்களையாவது சேர்ப்பதற்குக் கலைக் காரணங்களோடு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விற்பனையைத் தவிர வானொலி, கடை, மண்டபம் ஆகியவற்றில் பாடல் ஒலிப்பதாலும் பணம் வருகிறது. இசைப்படைப்பைப் பொதுமக்கள் கேட்க ஒலிக்கச்செய்வதற்கான உரிமை 'நிகழ்த்துரிமை'. தென்னாப்பிரிக்காவில் இதற்கான தொகையை வசூலித்து, இயற்றியவர்களுக்கும் பப்ளிஷர்களுக்கும் பிரித்துத் தருவது 1961இல் நிறுவப்பட்ட சாம்ரோ. ஒலிப்பதிவை ஒலிக்கச்செய்வதற்கு, அதில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் உரிய தொகையை இங்கே 'நீடில்டைம்' என்பார்கள். 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டங்கள் இதை வழங்கின. சாம்ப்ரா என்ற அமைப்பு அதை வசூலிக்கிறது.

அமெரிக்காவின் சாதாரண வானொலியில் இந்த இரண்டாவது தொகை கிடையவே கிடையாது. 'ரெஸ்பெக்ட்' பாடலை ஓட்டிஸ் ரெடிங் இயற்றி 1965இல் பாடினார். 1967இல் அரீத்தா ஃபிராங்ளின் பாடியதே உலகம் அறிந்த வடிவம். அந்நாட்டு வானொலிகள் அரீத்தாவின் பதிவை ஒலிபரப்பிய ஒவ்வொரு முறையும் தொகை போனது ரெடிங்கின் தரப்புக்கே. உலகமே கொண்டாடும் அந்தக் குரலுக்கு அந்த வழியில் ஒரு சென்ட்கூட வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் நியாயத்தின் பக்கம் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

ஆக, டர்பனில் இருந்து ஒலிபரப்பாகும் லோட்டஸ் எஃப்எம் போன்ற ஒரு நிலையம் ஒரு கவர் பாடலை ஒலிபரப்பினால் இரு வழிகள் திறக்கின்றன: ஒன்று மூலப்பாடலை இயற்றியவரை நோக்கி, மற்றொன்று கவர் செய்தவரை நோக்கி. மூலப்பதிவில் பாடியவரை நோக்கி எந்த வழியும் திறப்பதில்லை.

எதுவரை மாற்றலாம்?

கவர் உரிமம் பாடலின் உருவத்தை இஷ்டம்போல் மாற்றும் உரிமை ஆகாது. அமெரிக்கச் சட்டம், தன் பாணிக்கேற்ப இசைக்கோவையை அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. அடிப்படை மெட்டையோ பாடலின் இயல்பையோ மாற்ற இடம் தருவதில்லை. இந்தியச் சட்டம், பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியாகத் தேவைப்படும் மாற்றத்தை மட்டுமே ஏற்கிறது. இந்த வரம்பைத் தாண்டியது 'தழுவல்'. அதற்கு உரிமையாளரின் நேரடி ஒப்புதல் வேண்டும், அவர் மறுக்கவும் செய்யலாம். ஆங்கிலப் பாடலொன்றுக்குத் தமிழ் வரிகள் எழுதிப் பாடுவதும், தமிழ் மெட்டுக்குள் ஜூலு வரிகளை நுழைப்பதும் தழுவல்களே. நம் இளைஞர்கள் ஆர்வத்தோடு செய்யும் வேலை இது என்பதாலும், கவர் உரிமம் வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணுவதாலும் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டுரான் டுரானின் பிணைத்த பாடல் இந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் வகை. இரு இசைப்படைப்புகள் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும்போது, யாருக்கு எத்தனை பங்கு என்பதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அதே 'சூப்பர் ஃப்ரீக்' பாடலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. எம்சி ஹாமர் 1990இல் வெளியிட்ட 'யூ கான்ட் டச் திஸ்' பாடலின் அடிநாதம் அந்தப் பழைய ஒலிப்பதிவிலிருந்து எடுக்கப்பட்டதே. ரிக் ஜேம்ஸ் வழக்குத் தொடுத்த பின், புதிய பாடலை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை அப்படியே வெட்டி எடுத்துப் புதிய பதிவில் வைப்பதே 'சாம்பிள்'. மற்றொருவர் தைத்த சட்டையில் கத்தரி வைத்து ஒரு துண்டை வெட்டித் தன் சட்டையில் ஒட்டுப்போடுவதற்கு ஒப்பானது அது. காகிதத்துக்கு உரியவர், சட்டைக்கு உரியவர் ஆகிய இருவரிடமும் கேட்டாக வேண்டும். கட்டாய உரிமம் இங்கே உதவாது.

தன் பாடலையே மீண்டும் பதிவுசெய்தல்

தன் பழைய பாடலைத் தானே மீண்டும் பாடினால் எந்தக் கேள்வியும் எழாது என்று தோன்றும். ஆனால் பழைய ஒலிப்பதிவு நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதே பாடலை வேறு நிறுவனத்துக்குப் பதிவுசெய்யக்கூடாது என்று தடுப்பது வழக்கம். அந்தக் காலம் முடிந்தால் மீண்டும் பதிவுசெய்யலாம். புதிய பதிவு புதிய சொத்து. டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய ஆல்பங்களில் நான்கை ஒவ்வொன்றாக மீண்டும் பாடி வெளியிட்டது இந்த வழியில்தான். பழைய மாஸ்டர்கள் 2019இல் பிறர் கைக்குப் போயின. ஆனால் பாடல்களை இயற்றியவர் அவரே. காகிதம் அவரிடம் இருந்ததால் புதிய சட்டை தைக்க முடிந்தது.

டுரான் டுரானின் நிலை இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலைக் காட்டுகிறது. அமெரிக்கச் சட்டம், இயற்றியவர் தன் உரிமையைப் பிறருக்கு எழுதிக்கொடுத்திருந்தாலும் 35 ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டு உரிமையைத் திரும்பப்பெற வழி செய்கிறது. குழுவினர் தங்கள் முதல் மூன்று ஆல்பங்களின் பாடல்களுக்கு அதைக் கோரினர். இங்கிலாந்து உயர்நீதிமன்றம் 2016 டிசம்பரில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இளம் வயதில் ஆங்கிலச் சட்டத்தின்கீழ் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்தக் கோரிக்கைக்கு இடம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். தன் பாடலைத் தானே பாடும் மூத்த குழுவும் சில வேளைகளில் உரிமத்தின் வழியாகவே பாட வேண்டியிருக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஜோகன்னஸ்பர்க்கில் பதிவான ஒரு பாடல்

திரும்பப்பெறும் உரிமையின் மிகப் பெரிய கதை நம் நாட்டுக்கே உரியது. சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர், 1939இல் ஈவினிங் பேர்ட்ஸ் என்ற தம் குழுவோடு ஜோகன்னஸ்பர்க்கில் காலோ நிறுவனத்தின் ஒலிக்கூடத்தில் 'ம்புபே' என்ற பாடலைப் பதிவுசெய்தார். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங் என்றே பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. அந்த இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போய், பீட் சீகரின் கைக்கு வந்தது. அவருடைய வீவர்ஸ் குழு 1950களின் தொடக்கத்தில் அதைப் பாடி வெளியிட்டது. இயற்றியவர் பெயராகத் தட்டில் அச்சானது அக்குழு பயன்படுத்திய பால் கேம்பல் என்ற புனைபெயர். அதன்பின் ஜார்ஜ் வைஸ் ஆங்கில வரிகள் எழுத, டோக்கன்ஸ் குழு 1961இல் பாடியது 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு, 1962இல், லிண்டா வறுமையில் இறந்தார்.

இந்தக் கட்டுரையில் சொன்னவற்றைக் கொண்டு இதைப் படித்துப் பார்க்கலாம். வீவர்ஸ் செய்தது கவர். டோக்கன்ஸ் செய்தது தழுவல். இரண்டுமே தம்மளவில் பழியான செயல்கள் அல்ல. தவறு நடந்தது பெயர் அச்சான அந்தச் சிறு வரியில். இசைப்படைப்பின் உரிமையாளர் பெயர் மாறியதும், அதன்பின் வந்த ஒவ்வொரு கவரும் நேர்மையாகவே பணம் செலுத்தினாலும், அது தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. டிஸ்னியின் 'லயன் கிங்' படம் 1994இல் அந்தப் பாடலைப் பயன்படுத்தியபோதும் நிலைமை அதுவே.

பத்திரிகையாளர் ரியான் மலான் 2000இல் அமெரிக்க இதழொன்றில் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். பின்னர் சட்ட அறிஞர் ஓவன் டீன், தென்னாப்பிரிக்காவில் அக்காலத்தில் நடைமுறையில் இருந்த 1911ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டினார். இயற்றியவர் தன் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் அது அவருடைய வாரிசுகளின் பக்கம் திரும்பிவிடும் என்பது அந்தப் பிரிவு. அதன்படி 1987இலேயே உரிமை திரும்பியிருக்க வேண்டும். லிண்டாவின் மகள்களின் நலனுக்காக 2004இல் டிஸ்னி மீது வழக்குத் தொடரப்பட்டது. அந்நிறுவனத்தைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தின் வரம்புக்குள் கொண்டுவருவதற்காக இங்கே பதிவாகியிருந்த அதன் வணிகச் சின்னங்கள் முடக்கப்பட்டன. மிக்கி மவுஸைப் பிணையாகப் பிடித்துவைத்த வழக்கு என்று இதைச் சொன்னால் மிகையாகாது. பாடலின் உரிமையை வைத்திருந்த அமெரிக்க நிறுவனத்தோடு 2006 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது. லிண்டா இயற்றியவர்களில் ஒருவராக ஏற்கப்பட்டார். குடும்பத்துக்குப் பணம் சேர ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

பழைய பாடல்கள் எல்லாம் பொதுச்சொத்தா?

பழையது என்பதாலேயே ஒரு பாடல் பொதுவாகிவிடாது. தென்னாப்பிரிக்காவில் இசைப்படைப்புக்கான காப்பு, இயற்றியவரின் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும். ஒலிப்பதிவுக்கு, வெளிவந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். இந்தியாவில் இரண்டுக்கும் அந்த 50 என்பது 60.

தேவாரத்துக்கும் திருப்புகழுக்கும் யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் ஓர் ஓதுவார் பாடிய அண்மைக்கால ஒலிப்பதிவு அவருக்கோ அவரைப் பதிவுசெய்தவருக்கோ உரியது. கோயில் விழாக் காணொளிக்குப் பின்னணியாக அதை எடுத்து வைத்தால் அது பிறர் சொத்து; அதே பதிகத்தை நாமே பாடிப் பதிவுசெய்தால் எவரையும் கேட்க வேண்டியதில்லை. பாரதியார் 1921இல் மறைந்தவர். அவருடைய வரிகள் எல்லோருக்கும் உரியவை. எனினும் 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'பாரதி' படத்தில் அவ்வரிகளுக்கு இளையராஜா அமைத்த மெட்டுகள் காப்பில் உள்ளன. ஐஸ்டெட்ஃபொட் என்ற கலைப் போட்டிக்குக் குழந்தையைத் தயார்செய்யும் பெற்றோர் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. போட்டிப் பாடல் ஆல்பமாகும்போது மட்டும் நினைவில் கொள்ளலாம்.

உங்கள் குழு ஆல்பம் வெளியிட விரும்பினால்

மூன்று சொந்தப் பாடல்களும் ஐந்து திரைப்பாடல்களும் கொண்ட ஓர் ஆல்பத்தை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு குழு திட்டமிடுகிறது என்று கொள்வோம். ஐந்து பாடல்களுக்கும் இசைப்படைப்பின் உரிமையாளர் யார் என்பதை முதலில் கண்டறிந்து, கபாசோ வழியாக மெக்கானிக்கல் உரிமம் பெற வேண்டும். கல்யாண மேடைக்குப் பின்னணியாக வாங்கிய கரோக்கி தடத்தின் மேல் பாடிப் பதிவுசெய்ய எண்ணினால், அந்தத் தடமே மற்றொருவரின் ஒலிப்பதிவு என்பதால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்; இந்த இடத்தில்தான் பலர் தெரியாமல் சிக்குகிறார்கள். காணொளி எடுப்பதாயின், இசையைக் காட்சியோடு இணைப்பதற்கான 'சிங்க் உரிமம்' தேவை. மெக்கானிக்கல் உரிமம் அதை உள்ளடக்காது. யூடியூப் தன் தானியங்கி ஒப்பீட்டின் மூலம் மெட்டைக் கண்டுகொண்டு விளம்பர வருவாயை உரிமையாளர் பக்கம் திருப்பிவிடுவது உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், அதை அனுமதியாகக் கருதிவிடவும் கூடாது.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண் உண்டு. இங்கே அதற்கு ரீசா என்ற ஒலிப்பதிவுத் துறை அமைப்பை அணுக வேண்டும். கவர் பாடல்களுக்கும் இந்த எண் புதிதாகவே கிடைக்கும், ஏனெனில் பதிவு புதியது. இசைப்படைப்புக்கு உரிய ஐஎஸ்டபிள்யூசி எண்ணோ மூலப்பாடலின் பழைய எண்ணாகவே தொடரும்.

மூன்று சொந்தப் பாடல்களையும் சாம்ரோவில் பதிவுசெய்யும்போது, இயற்றியவர்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டியிருக்கும். மெட்டுப் போட்டவர், வரி எழுதியவர், நடுவில் ஒரு திருப்பத்தைச் சொன்ன கீபோர்டு வாசிப்பவர் ஆகியோரின் பங்குகளை ஒலிக்கூடத்துக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது. டுரான் டுரான் தம் தொடக்க கால ஆல்பங்களின் பாடல்களைக் குழுவினர் ஐவர் பெயரிலும் பதிவுசெய்தார்கள். அப்படிச் செய்வதா, அவரவர் வேலைக்கேற்பப் பிரிப்பதா என்பது குழுவினர் பேசி முடிவெடுக்க வேண்டியது. பதிவுப் படிவத்தில் அதற்கான கட்டத்தை வெறுமையாக விட முடியாது.